கராத்தே கிளாஸில் என்னதான் சொல்லித் தருவார்கள்? குமரி மாவட்டப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை சாயங்காலம் பஸ்ஸில் போனால், ஏதாவது ஒரு மொட்டை மாடியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ வெள்ளை டிரஸ் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று கையை நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் படும். அப்படிப்பட்ட வரிசைக்கு முன்னால் நிற்கிற ஆட்களில் நானும் ஒருவன். பிள்ளையைக் கொண்டுவிட வரும் அம்மாக்களும் அப்பாக்களும் பைக்கை ஆஃப் செய்யாமலே கேட்கும் கேள்விகள் இவை. கேட்டில் நின்று முழுசாகப் பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை. நான் பழகியது ஷோட்டோகான் ஸ்டைல். கோஜு-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ கிளாஸ்களில் பெயர்களும் கணக்குகளும் கொஞ்சம் மாறும்.

கராத்தே பயிற்சியில் முக்கியமான பகுதிகள் என்னென்ன?

கிஹோன், கட்டா, குமித்தே. இந்த மூன்றும்தான். நிற்பது, குத்துவது, தடுப்பது, உதைப்பது ஆகிய அடிப்படை அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்வது கிஹோன். அதே அசைவுகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட திசைகளில் திரும்பித் தனி ஆளாகச் செய்வது கட்டா. எதிரில் ஒருவரை நிறுத்திச் செய்வது குமித்தே.

மூன்றையும் மூன்று சப்ஜெக்ட் மாதிரி நினைத்து, "இவனுக்குக் கட்டா நல்லா வரும் சார், ஃபைட்டுதான் வராது" என்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. மூன்றிலும் வருவது ஒரே குத்துதான். கிஹோனில் பின்னங்காலின் குதிகாலைத் தூக்குகிற பையன் கட்டாவிலும் தூக்குவான், குமித்தேயில் அந்தக் காலாலேயே தடுமாறுவான். ஒரு பிள்ளை எவ்வளவு தேறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் கையைப் பார்ப்பதே இல்லை. காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

"மூணு மாசம் ஆச்சு, இன்னும் நிக்கத்தான் சொல்லிக் குடுக்கியளா சார்?"

ஆமாம். அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

முதலில் வருவது ஜென்குட்சு-டாச்சி. முன்னங்கால் முட்டி மடங்கி, பின்னங்கால் நீண்டு, உடம்பின் பாரம் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னாலும் 40 சதவீதம் பின்னாலும் இருக்க வேண்டும். கோகுட்சு-டாச்சியில் பாரம் பின்னால் போய்விடும், பின்னங்காலில் 70, முன்னங்காலில் 30. கிபா-டாச்சி என்பது குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி இரண்டு காலையும் அகட்டி, பாரத்தைச் சமமாகப் போட்டு நிற்பது. படித்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். நின்று பாருங்கள், தொடை நடுங்க ஆரம்பிக்கும்.

பிள்ளைகள் செய்யும் தப்பு பெரும்பாலும் ஒன்றே. இரண்டு பாதத்தையும் ஒரே கோட்டில் வைத்துவிடுவார்கள். பார்க்க ஸ்டான்ஸ், அதாவது நிற்கும் நிலை, நீளமாக, அழகாகத் தெரியும். பக்கவாட்டில் ஒரு விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். பாதங்களுக்கு நடுவே, அகலவாக்கில், தோள் அளவுக்கு இடைவெளி வேண்டும்.

இதை மாடியில் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. அதனால் கடல் அமைதியாக இருக்கிற சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே பெரிய பிள்ளைகளைச் சங்குத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போவோம். அலை வந்து போன ஈர மணலில் பத்து அடி முன்னேறிக் குத்தச் சொல்லிவிட்டு, அப்புறம் திரும்பிப் பார்க்கச் சொல்வேன். நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. குதிகால் தூக்கியவனின் தடத்தில் விரல் பக்கம் மட்டும் குழி விழுந்திருக்கும், குதிகால் பக்கம் மணல் அலுங்காமல் கிடக்கும். பாதத்தை வெளியே திருப்பியவளின் தடம் கோணலாக இருக்கும். அடி எடுத்து வைக்கும்போது கால் பிறை மாதிரி உள்ளே வந்து வெளியே போக வேண்டும். அது சரியாக வந்திருந்தால் மணலில் லேசான வளைவு ஒன்று தெரியும். காலைத் தூக்கிப் பொத்தென்று வைத்தவர்களுக்கு அந்த வளைவு இருக்காது. பிள்ளைகளே ஒருவர் தடத்தை இன்னொருவர் பார்த்துக் கேலி செய்து திருத்திக்கொள்வார்கள். திடீரென்று கடல் பொங்கிக் கரையேறும் கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில் கரைப்பக்கமே போகக் கூடாது, அதில் பேச்சே இல்லை.

குத்துவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? யாருக்கும் குத்தத் தெரியுமே!

கையை வீசத் தெரியும். முதலில் முஷ்டி. நான்கு விரல்களையும் நுனியிலிருந்து சுருட்டி மடக்கி, கட்டை விரலை ஆள்காட்டி விரல், நடுவிரல் மேல் குறுக்காக வைத்து அழுத்த வேண்டும். கட்டை விரலை உள்ளே வைத்து மூடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். அப்படிக் குத்தினால் உடைவது சொந்த விரல். படவேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் கணுக்கள் மட்டும். மணிக்கட்டு நேராக இருந்தால், முழங்கையிலிருந்து வரும் பலம் அந்த இரண்டு கணு வழியாகத்தான் நேராகப் போகும். கோபத்தில் சுவரைக் குத்துகிறவர்களுக்குச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிவது இந்தக் கணக்குத் தெரியாததால்தான்.

அடுத்தது வழி. முழங்கை விலாவை உரசிக்கொண்டு போக வேண்டும், வெளியே விரியக் கூடாது. முஷ்டி இடுப்பில் மேல் நோக்கி இருக்கும். போய்ச் சேரும் கடைசி நொடியில்தான் திரும்பிக் கீழ் நோக்கும். தோள் ஏறக் கூடாது. குத்துகிற பக்கத்துக் காலே முன்னே வந்தால் ஓய்-சுகி. எதிர்க் கை குத்தினால் கியாக்கு-சுகி. கியாக்கு-சுகியில் இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் அடி. பின்னங்குதிகால் தரையை விட்டால் இடுப்புத் திரும்பியும் பிரயோஜனம் இல்லை. பார்த்தீர்களா, கையைப் பற்றிப் பேசினாலும் காலுக்குத்தான் வந்து நிற்கிறது.

ஒரு கை குத்தும்போது மற்றக் கை ஏன் இடுப்புக்கு வருகிறது என்றும் கேட்பார்கள். அதற்கு ஹிக்கித்தே என்று பெயர். பிள்ளைகள் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். எதிராளியின் கையையோ சட்டையையோ பிடித்து நம் பக்கம் இழுத்துக்கொண்டே குத்துவது என்று செய்து காட்டினால் முகமே மாறும். ஸ்போர்ட் ஃபைட்டில் பிடித்திழுக்க இடம் குறைவு, அதனால் அங்கே அந்தக் கை காவலுக்கு முன்னால் நிற்கும். இரண்டும் சரிதான்.

கால் தலைக்கு மேல் போனால்தான் நல்ல கிக்கா?

இல்லை. முன்னால் உதைக்கும் மாயே-கெரியில் முட்டி முதலில் மேலே வர வேண்டும், பாதத்தின் முன்பகுதி பட வேண்டும், உதைத்த கால் உடனே மடங்கித் திரும்ப வேண்டும். இந்த மூன்றும் இடுப்பு உயரத்தில் சரியாக வந்தால் போதும். உயரம் வளைவுத் தன்மையைப் பொறுத்துத் தானாக வரும். வார்ம்-அப் செய்யாமல் காலை விரித்து உட்கார வைத்து, மேலே ஆள் ஏறி அமுக்குகிற கிளாஸ் எதையாவது பார்த்தால் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கட்டா டான்ஸ் மாதிரி இருக்கே, அதனால் என்ன பலன்?

சொல்லிக் கொடுப்பவர் அர்த்தம் சொல்லாவிட்டால் அது டான்ஸ்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஷோட்டோகானில் 26 கட்டாக்கள். முதலாவது ஹெய்யான் ஷோடான், 21 அசைவு. இடது பக்கம் திரும்பிக் கீழே தடுத்து, ஒரு அடி முன்னே வைத்துக் குத்த வேண்டும். அப்புறம் அப்படியே பின்பக்கம் திரும்பி மறுபடி கீழே தடுக்க வேண்டும். இதற்கு அடுத்த அசைவைத்தான் நான் பெற்றோருக்குச் செய்து காட்டுவேன். முன்னங்காலைப் பின்னால் இழுத்து நிமிர்ந்து, நீட்டிய கையை வட்டமாகச் சுழற்றி, முஷ்டியின் அடிப்பக்கத்தால் சுத்தியல் அடிப்பதுபோல் மேலிருந்து இறக்குவது. தனியாகப் பார்த்தால் எதற்கு என்றே புரியாது. இப்போது நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் காலை இழுக்கும்போது உங்கள் பிடி தானாகத் தளரும். கையைச் சுழற்றும்போது உங்கள் கட்டை விரல் பக்கம் திறந்துகொள்ளும். மேலிருந்து வரும் அடி உங்கள் முழங்கையிலோ தோள்பட்டையிலோ விழும். கட்டாவின் அசைவை இப்படி ஆளை வைத்துப் பிரித்துப் பார்ப்பதற்கு புங்காய் என்று பெயர். இதைச் செய்து பார்த்த பிள்ளை அப்புறம் அந்த இடத்தில் சும்மா கை சுழற்றாது.

இந்தக் கட்டாவை அமைத்தவர் ஒகினாவாவைச் சேர்ந்த இட்டோசு அங்கோ. கராத்தே அதுவரை ஆசிரியர் வீட்டு முற்றத்தில் ஒன்றிரண்டு சீடர்களுக்கு மட்டும் சொல்லித் தரப்பட்டது. 1900-களின் தொடக்கத்தில் அவர் அதை ஒகினாவாவின் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோனார். கூட்டமான பிள்ளைகளுக்குத் தோதாகச் சுருக்கிப் பினான் என்ற ஐந்து கட்டாக்களை உண்டாக்கினார். அவருடைய மாணவர் புனகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோ போய்ச் சேர்ந்த பிறகு அவற்றுக்கு ஹெய்யான் என்று பெயர் மாற்றினார். இன்று நம் மாடியில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்று "இச்சி, நி, சான்" என்று எண்ணுக்கு ஒரு குத்துக் குத்துவது அந்தப் பள்ளிக்கூட வழக்கம். அதனால்தான் கராத்தே நம் ஊர் டிரில் பீரியடில் இவ்வளவு சுலபமாகப் பொருந்திவிட்டது.

குமித்தேயில் பிள்ளைக்கு அடிபடாதா?

படும். சிராய்ப்பு, உதட்டில் லேசான வெடிப்பு, முழங்காலுக்குக் கீழே வீக்கம் இதெல்லாம் நடக்கும். அதற்கு மேல் போகாமல் பார்ப்பதுதான் மாஸ்டரின் வேலை.

நேராக யாரையும் ஃபைட்டில் இறக்குவதில்லை. முதலில் கோஹோன் குமித்தே: ஒருவர் எங்கே குத்தப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஐந்து அடி முன்னேறுவார், மற்றவர் ஐந்தையும் தடுத்துப் பின்வாங்கிக் கடைசியில் திருப்பிக் குத்துவார். அப்புறம் மூன்று அடி. அப்புறம் ஒரே அடி. அதற்கும் பிறகு, இருவரும் நகர்ந்துகொண்டே ஒரே ஒரு அடி. இவ்வளவும் தாண்டித்தான் சுதந்திரமாக ஆடும் ஜியூ குமித்தே. இதில் பிள்ளை கற்பது தூரம். எதிராளியின் கை எட்டும் தூரத்துக்கு ஒரு சாண் வெளியே நிற்கத் தெரிந்தவனை அடிப்பது கஷ்டம்.

போட்டி விதிகளில் கட்டுப்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்கைச் சொல்வேன். கராத்தே ஒலிம்பிக்கில் வந்தது அந்த ஒரு தடவைதான், 2021 ஆகஸ்டில், நிப்பான் புடோகான் அரங்கில். ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டியில் சவூதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட ஒரு உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதேயின் தலையில் பட்டு, கஞ்ச்சாதே மயங்கி விழுந்தார். ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுபோனார்கள். தங்கம் யாருக்கு என்கிறீர்கள்? விழுந்தவருக்கு. கட்டுப்பாடில்லாத அடி என்று ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். இது நியாயமா என்று என் சீனியர் பிள்ளைகள் இன்றைக்கும் சண்டை போடுவார்கள். சண்டை போடட்டும். எவ்வளவு வேகமாக வந்தாலும் தோலுக்கு முன்னால் நிறுத்தத் தெரிய வேண்டும் என்பதுதான் நாங்கள் வெள்ளை பெல்ட்டிலிருந்தே சொல்வது.

புள்ளிக் கணக்கு சுலபம். கையால் குத்தினால் 1, உடம்பில் உதைத்தால் 2, தலைக்கு உதைத்தாலோ விழுந்த ஆள் மேல் முறையாகத் தொட்டாலோ 3. கிளவுஸ், ஷின் கார்டு, மௌத் கார்டு, பையன்களுக்கு அப்டமன் கார்டு கட்டாயம். மௌத் கார்டை மட்டும் அண்ணன் தம்பி மாற்றி மாற்றிப் போட விடாதீர்கள்.

ஏன் இப்படிக் கத்துகிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

அது கியாய். அடிக்கிற நொடியில் வயிற்றை இறுக்கி மூச்சைச் சட்டென்று வெளியே விடுவது. சத்தம் அதோடு சேர்ந்து வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துகிறவன் சீக்கிரம் களைத்துவிடுவான். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம், குத்து கூட அப்புறம்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் கிளாஸ் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஓடு உடைப்பது, வயிற்றில் பைக் ஏற்றுவது எல்லாம் எப்போது?

எங்கள் கிளாஸில் எப்போதும் இல்லை. ஆண்டு விழாவிலும் திருவிழா மேடையிலும் டியூப் லைட்டை நெஞ்சில் உடைப்பதும், படுத்திருக்கிற பிள்ளைகளின் மேல் பைக் ஓட்டுவதும் கை தட்டலுக்காக. கராத்தேயில் தாமேஷிவாரி என்று பலகை, ஓடு உடைக்கும் வழக்கம் உண்டு, அது பெரியவர்களுக்கு. வைக்கோல் கயிறு சுற்றிய பலகையைத் தரையில் நட்டுக் குத்திப் பழகும் மக்கிவாராவும் அப்படித்தான். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகள் இன்னும் குருத்தாகத்தான் இருக்கும். தண்டால், தவளைக் குதி, வயிற்றுக்கான பயிற்சிகள் அவர்களுக்குப் போதும்.

நம்ம ஊரிலேயே அடிமுறையும் வர்மமும் இருக்கும்போது ஜப்பான்காரன் கலை எதுக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்கிற தாத்தாக்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

கல்குளம், விளவங்கோடு பக்கம் அடிமுறை, வர்ம அடி, தெற்கன் களரி என்று பல பெயரில் வழங்கும் கலை வெளியிலிருந்து வந்ததல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரையிலும் அதே மரபு உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இடையில் மாநில எல்லையே கிடையாது. வடக்கன் களரியில் உடல் பயிற்சியும் ஆயுதமும் முன்னால் நிற்கும் என்றால், நம் பக்கத்தில் வெறுங்கையும் கம்பும் முன்னால் நிற்கும். சுவடு என்று அடி வைக்கும் முறைகள் உண்டு. ஒரு சுவட்டையும் ஒரு கட்டாவையும் பக்கத்துப் பக்கத்தில் செய்யச் சொல்லிப் பார்த்தால், திரும்புவதும் பாரத்தை மாற்றுவதும் ஒன்றை ஒன்று பார்த்துச் செய்ததுபோலத் தோன்றும். அதற்காக ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு காலுள்ள மனுஷன் விழாமல் அடிக்க வேண்டும் என்றால் வழிகள் கொஞ்சம்தான்.

கராத்தேயில் இல்லாத ஒன்று அடிமுறையில் இருக்கிறது, வைத்தியம். உடம்பில் 108 வர்மப் புள்ளிகள் என்று கணக்கு, அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்ற 96 தொடுவர்மம். எங்கே தட்டினால் ஆள் விழுவான் என்று சொல்லித் தருகிற ஆசான், விழுந்தவனை எழுப்பும் இளக்குமுறையையும் சேர்த்துச் சொல்லித் தர வேண்டும். எலும்பு பிசகினால் கட்டுப் போடுவார், எண்ணெய் காய்ச்சித் தடவுவார். அதனாலேயே யாருக்குச் சொல்லித் தருவது என்று ஆசான்கள் ஆண்டுக்கணக்கில் சீடனைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தார்கள். கராத்தேக்காரர்களுக்கு அந்தப் பொறுமை தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்காகச் சமைத்த கலை, நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் நிறுத்திச் சொல்லித் தரலாம், கிரேடிங் என்ற பெல்ட் தேர்வு உண்டு, போட்டி உண்டு, சர்டிபிகேட் உண்டு.

உங்கள் ஊரில் உண்மையான ஆசான் ஒருவர் இருந்து, அவர் பிள்ளையை ஏற்றுக்கொண்டால், அங்கேயே அனுப்புங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் சனிக்கிழமை ஆசானிடமும் போகிறார்கள். எந்தக் கெடுதலும் இல்லை. ஒரே ஒரு விஷயம், ஆசான் முன்னால் கராத்தே வழக்கப்படி ஓஸ் என்று வணக்கம் சொல்லிக் குனிந்துவிட்டு வந்து நிற்காதே என்று சொல்லி அனுப்புவேன்.

காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொண்டுபோனதுதானே கராத்தே?

சினிமாவில் பார்த்து வந்த கேள்வி. போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து சீனா போன துறவி என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அதற்கும் முந்தைய குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. அவரைச் சண்டைக் கலையோடு சேர்த்துச் சொல்லும் எழுத்து 17-ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது. கராத்தே என்பது ஒகினாவாத் தீவின் உள்ளூர்க் கைச்சண்டையும், சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து வணிகத்தோடு வந்த குத்துச்சண்டையும் கலந்தது. இவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம். நமக்குப் பெருமை வேண்டும் என்றால் தக்கலைப் பக்கத்தில் ஒரு ஆசானைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

"பிளாக் பெல்ட் எப்பம் கிடைக்கும்?"

வாரத்துக்கு மூன்று நாள் ஒழுங்காக வந்தால், நான்கைந்து வருஷம் ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று போகும். நிறங்களின் வரிசை ஸ்டைலுக்கு ஸ்டைல் மாறும். கருப்புக்கு முந்தைய படிகளான கியூ எண்கள் இறங்கிக்கொண்டே வந்து, கருப்பிலிருந்து டான் என்ற படிகளின் எண்கள் ஏற ஆரம்பிக்கும். இந்த முறை ஜூடோவிலிருந்து வந்தது. புனகோஷி கராத்தேயில் முதன்முதலாக டான் பட்டம் கொடுத்தது 1924-இல்.

ஒன்றரை வருஷத்தில் கருப்பு பெல்ட் என்று போர்டு வைத்திருந்தால், அங்கே விற்பது பெல்ட். கிரேடிங் ஃபீஸ் எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை தடவை, ஃபெயில் ஆக்குவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். யாருமே ஃபெயில் ஆகாத கிரேடிங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏழு வயதுக் கருப்பு பெல்ட் பிள்ளையை ஃபோட்டோ எடுத்து ஃபிளெக்ஸ் வைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

எந்த வயதில் சேர்க்கலாம்? நாற்பது வயதில் நான் வரலாமா?

பிள்ளைகளை ஆறு, ஏழு வயதில். அதற்கு முன்னால் இடது வலதே குழம்பும், அவர்களை ஓடிப்பிடித்து விளையாட விடுங்கள். நாற்பதில் தாராளமாக வரலாம். பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, முட்டி வலி இருந்தால் முதல் நாளே சொல்லிவிட்டு வாருங்கள். ஸ்டான்ஸைக் கொஞ்சம் உயரமாக வைத்துக்கொள்ளலாம். சிமென்ட் தரையில் குதிக்கும் பயிற்சிகள் மட்டும் வேண்டாம். ஒரு அம்மா மகளைக் கொண்டுவிட வந்து, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பின் வரிசையில் சுரிதாரோடு நிற்க ஆரம்பித்தார். இப்போது மகள் நின்றுவிட்டாள், அம்மா வருகிறார்.

பெண் பிள்ளையைத் தைரியமாக அனுப்பலாமா? கராத்தே தெரிந்தால் பாதுகாப்புதானே?

இரண்டு கேள்வி இது. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நான்கு வாரத் தற்காப்புப் பயிற்சியை நம்பி யாரும் சண்டைக்கு நிற்கக் கூடாது. தூரத்தைக் கவனிப்பது, கூச்சப்படாமல் கத்துவது, பிடித்த கையைக் கட்டை விரல் பக்கமாக உருவுவது, உடனே ஓடுவது, இதே வரிசையில்தான் நாங்கள் சொல்லித் தருகிறோம். பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098, போலீஸுக்கு 112 என்ற எண்களையும் கட்டா மாதிரி மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

முதல் கேள்விக்கு: எந்த மாஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். கிளாஸ் நடக்கும் இடம் வெளியிலிருந்து பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று இருக்க வேண்டும். ஸ்டான்ஸைத் திருத்தக் கம்பு நுனியால் காலைத் தொட்டுக் காட்டினால் போதும், அல்லது தானே செய்து காட்டலாம். தனி கோச்சிங், வெளியூர்ப் போட்டிக்குத் தனியாகக் கூட்டிப்போவது என்று பேச்சு வந்தால், கூடவே நீங்களும் கிளம்புங்கள். மாஸ்டர் முகம் சுளித்தால் கிளாஸை மாற்றுங்கள். அடித்துத் திருத்துகிற மாஸ்டருக்கும் இதே பதில்தான்.

கிளாஸுக்கு முன்னால் என்ன சாப்பிடக் கொடுக்க வேண்டும்?

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு நேராக வந்து குதிரை நிலையில் நிற்க முடியாது. அது ராத்திரிக்கு. ஸ்கூல் விட்டு வந்ததும் இரண்டு மட்டிப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் கழித்துக் கிளாஸ். புட்டு பயறு என்றால் ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். புரோட்டீன் பவுடர் வேண்டாம், முட்டையும் பயறும் மீனும் நம் வீட்டிலேயே இருக்கிறது. போட்டி எடைப் பிரிவுக்காகப் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லும் யோசனையை எந்த மாஸ்டர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பரீட்சை நேரத்தில் நிறுத்திவிடலாமா?

கிளாஸை நிறுத்துங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டாம். வீட்டு முற்றத்தில் ஹெய்யான் ஷோடான் இரண்டு தடவை செய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பத்தாம் வகுப்புக்காக முழுசாக ஒரு வருஷம் விட்டுவிட்டு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

ஆடிச் சாரலில் டிரஸ் காயவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

நமக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. கனமான கான்வாஸ் துணி எடுத்தால் இரண்டு சீசனிலும் கரும்புள்ளி விழுந்துவிடும், அதனால் ஆரம்பத்தில் மெல்லிய காட்டன் டிரஸே போதும். வேர்வையோடு பையில் சுருட்டி வைக்காமல் வந்தவுடன் அலசி ஃபேனுக்குக் கீழே போடுங்கள். காயாவிட்டால் டிராக் பேண்டும் வெள்ளை டீ-ஷர்ட்டுமாக அனுப்புங்கள், பெல்ட்டை மட்டும் மறக்காமல் கட்டிவிடுங்கள். இடி மின்னல் உள்ள நாளில் மாடிக் கிளாஸ் கிடையாது. குரூப்பில் நாலரை மணிக்கே மெசேஜ் வந்துவிடும்.